மெழுகின் மேல் சீலன்ட் நிற்காது

மகனே,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இப்போது கோபம் அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. அந்த வார்த்தையை முதலில் போட்டுத் தொடங்க மனசு வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நீ துபாய்க்கு விமானம் ஏறுகிறாய். பத்து நாளாகத் திருப்புறத்தில் மாமனார் வீட்டில் இருந்துகொண்டு, பனச்சமூட்டில் நம் கார் பாலிஷ் கடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உன் அம்மா இரண்டு தடவை ஆள் விட்டும் 'சாமான் கெட்டணும், நேரமில்ல' என்று சொல்லி அனுப்பிவிட்டாய். நேரில் வந்து பேசலாம்தான். பேசினால் நான் கத்துவேன், நீ எழுந்து வெளியே போவாய். உனக்கு மீசை முளைத்த நாள் முதல் நம் வீட்டில் நடக்கிற கூத்து அதுதானே. எழுதிக் கொடுத்தால் நீ எழுந்து போனாலும் காகிதம் அங்கேயே கிடக்கும். கவரை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். உன் மனைவி படிக்கட்டும், மாமனார் படிக்கட்டும், தோன்றினால் சத்தமாகவே வாசிக்கட்டும். நீ தங்கையனிடம் பேசியதைக் கடை முன்னால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். நான் உன்னிடம் பேசுவதையும் நாலு பேர் கேட்டால் ஒன்றும் குறைந்துபோகாது.

இரண்டு மாதத்துக்கு முந்தி என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். நீ மறந்துவிட்டதுபோல் நடந்துகொள்கிறாய். தங்கையன் இருபது வருஷம் அடுத்தவர்களுடைய டாக்சியை ஓட்டிவிட்டு, இப்போதுதான் தனக்கென்று ஒரு பழைய அம்பாசடரை வாங்கினான். நெய்யாற்றின்கரையில் கறுப்புப் பெயின்ட் அடித்து நேராக நம் கடைக்குக் கொண்டுவந்தான். நான் அன்றைக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் உன்னிடம் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கிறான். "மக்கா, எனக்கு வண்டி நிறுத்த செட்டு ஒண்ணும் கெடையாது. வண்டி வாய்க்கா ஓரம் சானல் கரையில அயனி மரத்துக்குக் கீழதான் நிக்கும். மழையும் வெயிலும் காக்காப்பீயும் எல்லாம் அதுக்க மேலதான் விழும். மினுக்கம் கொறஞ்சாலும் சாரமில்ல. ரொம்ப நாளு நிக்கியது எதுவோ அதப் போட்டுத் தா." இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் கேட்க முடியுமா? மறுநாள் காலையில் அவனுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண ஓட்டம் இருந்தது. நீ என்ன செய்தாய்? பத்து மணிக்கு வேக்ஸ் மெழுகைப் போட்டாய். கறுப்பு வண்டி அப்போதுதான் மழையில் நனைந்து வந்ததுபோல் பளபளத்தது. சாயங்காலம் அதே வேக்ஸுக்கு மேலே சீலன்ட் ரசாயனத்தைத் தேய்த்து, 'சீலன்ட் - ஒரு வருடம்' என்று கார்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டு அவன் கையில் கொடுத்தாய்.

தெரியாமல் செய்திருந்தால் நான் சிரித்திருப்பேன். உனக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் செங்கல் மேல் சாய்த்து வைத்த அந்தப் பழைய கார் பானெட்டை நீ மறந்திருக்க முடியாது. ஐ.டி.ஐ. முடித்துக் கடைக்கு வந்த முதல் மாதமே என்னிடம் சட்டம் பேசினாய். "அப்பா சொல்லியது எல்லாம் துபாய் மணல்காட்டுக் கணக்காக்கும். நம்ம மழைக்கு எது நிக்கும்னு யாரு பாத்தா?" என்றாய். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் நெய்யாற்றின்கரைப் பழைய இரும்புக் கடையில் ஒரு அம்பாசடர் பானெட்டை வாங்கி பஸ்ஸுக்கு மேலே ஏற்றிக் கொண்டுவந்தேன். கண்டக்டர் 'இதுக்கு ஹாஃப் டிக்கெட்டா, ஃபுல்லா' என்று கேட்டு பஸ் முழுக்கச் சிரித்தது. இருவரும் சேர்ந்து அதைக் கழுவினோம், காம்பவுண்ட் பசை போட்டுத் தேய்த்தோம், டர்பன்டைன் தொட்டுத் துடைத்தோம், டேப் ஒட்டி நாலு பட்டையாகப் பிரித்தோம். முதல் பட்டையில் ஒன்றும் பூசவில்லை. இரண்டாவது வேக்ஸ். மூன்றாவது சீலன்ட். நாலாவது பட்டை வேண்டும் என்று அடம் பிடித்தவன் நீ. கீழே வேக்ஸ், மேலே சீலன்ட். "ரெண்டும் சேந்தா ரெட்டைப் பலமாக்கும்" என்றாய். அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. உன் கண்ணாலேயே நீ பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்க ஒரு வாரம் இருந்தது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்து, வேட்டியைக்கூட மாற்றாமல், நாலு பட்டையிலும் ஒவ்வொரு செம்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். முதல் மாதம் வேக்ஸ்தான் ஜெயித்தது, மறுக்கமாட்டேன். தண்ணீர் உளுந்து உளுந்தாக உருண்டு நின்றது. சீலன்ட் போட்ட இடத்தில் துளிகள் கொஞ்சம் பெரிதாக, தட்டையாக நின்றன. மினுக்கத்திலும் வேக்ஸ் ஒரு படி மேலேதான். கறுப்புக்கு அது தருகிற ஆழத்தைச் சீலன்ட் தராது. சீலன்டின் மினுக்கம் கண்ணாடிபோல, கொஞ்சம் உயிரில்லாமல் இருக்கும். ஆனால் ஆறாவது ஞாயிற்றுக்கிழமை வேக்ஸ் பட்டையில் விட்ட தண்ணீர் உருளாமல் படர்ந்து வழிந்தது, ஒன்றும் பூசாத முதல் பட்டைபோலவே. சீலன்ட் இடவப்பாதி முழுவதையும் தாங்கியது. துலா மாதத்து இடிமழையையும் தாங்கியது. கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. அதாவது நம் ஊர் மழையில், கூரையில்லாத இடத்தில், ஆறு ஏழு மாதம். அதற்கு மேல் எந்தச் சீலன்டும் நின்று நான் பார்த்ததில்லை, நீயும் பார்த்ததில்லை. பிறகு 'ஒரு வருடம்' என்று எந்த வாயால் எழுதினாய்?

நாலாவது பட்டைக்கு என்ன ஆயிற்று? முதல் இரண்டு வாரம் அதுதான் ராஜா. மூன்றாவது வாரம் ஒரு இடத்தில் தண்ணீர் உருண்டது, பக்கத்திலேயே படர்ந்தது, சொறி பிடித்ததுபோல் ஆயிற்று. ஏழாவது வாரம் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாய். பிசுக்கு பிசுக்காகக் கையோடு வந்தது. நீயே சொன்னாய்: "கீழ இருக்கியது உருகிப் போனா மேல இருக்கியது எதப் பிடிச்சு நிக்கும்?" சீலன்ட் பெயின்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சாமான், நடுவில் மெழுகு இருந்தால் அதற்குப் பிடி கிடைக்காது என்று நான் விளக்கவே தேவைப்படவில்லை. சீலன்டை முதலில் போட்டு, அது காய்ந்த பிறகு மேலே வேக்ஸ் போட்டால் ஒரு குற்றமும் இல்லை, வேக்ஸ் போனாலும் சீலன்ட் கிடக்கும் என்று நீயே மேற்கொண்டு சொன்னாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் 'அவன் என்னைவிடப் பெரிய ஆளாக வருவான்' என்றேன். அவள் மீன் கழுவிக்கொண்டே 'அவனுக்கிட்ட சொல்லாதீங்க, தலை கனத்துப் போவும்' என்றாள். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், வேறு வழியில்லாமல்.

நாலாவது பட்டையின் தவறை நானும் செய்தவன்தான், அதை உன்னிடம் மறைத்துவிட்டேன். துபாய்க்குப் போன முதல் மாதம். கார் விற்கிற ஒரு பெரிய கடையின் பின்முற்றத்தில் வண்டி கழுவுகிற வேலை. ஃபோர்மேன் ஒரு தலச்சேரிக்காரர். வேக்ஸ் டப்பாவைக் காட்டி, இது பிரேசில் நாட்டில் ஒரு பனை ஓலையிலிருந்து சுரண்டி எடுக்கிற மெழுகு என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் ஊர்ப் பனை கருப்பட்டி தரும், கள்ளு தரும், கூரைக்கு ஓலை தரும், காருக்கு மினுக்கம் தருகிற பனையை நான் எங்கே கண்டேன்? அங்கே வெயிலில் நிற்கிற காரின் தகட்டைத் தொட்டால் கை வெந்துபோகும். அதில் வேக்ஸ் ஒரு மாதம் நின்றாலே அதிகம். அதனால் புத்திசாலித்தனமாக, ஒரு கறுப்பு வண்டிக்கு வேக்ஸ் மேல் சீலன்ட் போட்டு அனுப்பினேன். மூன்றாவது வாரம் பட்டை பட்டையாகப் புழுதி ஒட்டிக்கொண்டு வண்டி திரும்பி வந்தது. ஃபோர்மேன் கத்தவில்லை. "எடா, மெழுகின்டெ மேலே இது பிடிக்கில்ல. அடியில் ஒண்ணும் பாடில்ல" என்று, அடியில் எதுவும் இருக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். முழு வண்டியையும் என் கையாலேயே துடைத்தெடுக்க வைத்தார். அது முடிந்ததும் வண்டிச் சொந்தக்காரன் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, தவறு என்னுடையது என்று என் வாயாலேயே சொல்ல வைத்தார். எனக்கு அரபி தெரியாது, அவர் மொழிபெயர்த்தார். அதோடு அந்தத் தவறு முடிந்தது. அதனால் தவறுக்காக நான் உன்னைத் திட்டவில்லை, அதைப் புரிந்துகொள்.

நீ செய்தது தவறே இல்லை, கணக்குப் போட்டுச் செய்த காரியம். வேக்ஸைத் துடைத்தெடுக்க ஒரு நாள் ஆகும். சீலன்ட் போட்டால் அரை நாள் தண்ணீர் படாமல் வண்டி நிற்க வேண்டும். மறுநாள் கல்யாண ஓட்டம். 'இன்னைக்கு வேக்ஸ் மட்டும் போடுதேன் மாமா, கல்யாணம் முடிஞ்சு கொண்டு வாங்க, அதத் துடைச்சிட்டு சீலன்ட் போட்டுத் தாறேன்' என்று சொல்லியிருந்தால் அவன் மாட்டேன் என்றிருப்பானா? உனக்கு அவன் மினுக்கத்தோடு அன்றைக்கே ஒழிய வேண்டும். அந்தக் கார்டில் நீ கையெழுத்துப் போட்ட அன்றைக்கு உன் விசா வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வருடம் முடியும்போது நீ இங்கே இருக்கப்போவதில்லை என்று தெரிந்துதான் 'ஒரு வருடம்' என்று எழுதினாய். கடலைத் தாண்டிப் போகிறவனுக்கு இங்கே யாரிடமும் பதில் சொல்ல வேண்டாம் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பத்து நாளைக்கு முந்தி அவன் வண்டியைக் கொண்டுவந்தான். நான் உள்ளே பழைய துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. பானெட்டில் அங்கங்கே வெள்ளை வளையம். டிரைவர் பக்கம் மூன்று இடத்தில் காக்கை எச்சம் பெயின்டைத் தின்றிருந்தது. அவன் சத்தம் போடவில்லை. "மக்கா, இது வருசம் நிக்கும்னு எழுதித் தந்ததுல்லா? ரெண்டு மாசம் ஆகல்ல. என்னன்னு ஒண்ணு பாரு" என்றான். அதற்கு நீ சொன்னது: "ஓய், நான் போட்டதுல ஒரு கொறையும் இல்ல. மரத்துக்கு மூட்டில கொண்டு போட்டா பின்ன எப்பிடி இருக்கும்? சொந்தமா ஒரு செட்டு போட எடமில்லாத ஆளுக்கு எதுக்கு ஓய் காரு?" சின்ன வயசில் அவன் தோளில் உட்கார்ந்து 'மாமா, மாமா' என்று தலைமயிரைப் பிடித்து இழுத்தவன் நீ. அவனை 'ஓய்' என்றாய். பஸ்ஸுக்கு நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். தங்கையன் உன்னைப் பார்க்கவில்லை. கதவு வழியாக என்னைப் பார்த்தான். நான் குனிந்து மறுபடி துணியைப் பிரிக்கத் தொடங்கினேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு உன்மேல் பாய்ந்தேன். எதற்கு? காம்பவுண்ட் டப்பாவின் மூடியைத் திறந்து போட்டிருந்ததற்கு. ஒரு மூடிக்காக அப்பன் நாயைத் துரத்துவதுபோல் துரத்தினான் என்றுதான் நீ திருப்புறத்தில் சொல்லிக்கொண்டிருப்பாய். உண்மைதான், மூடியைச் சொல்லித்தான் கத்தினேன். தங்கையனைப் பற்றிப் பேச என் நாக்கு எழவில்லை. ஏன் எழவில்லை என்று இப்போது எழுதுகிறேன். இது உன் அம்மாவுக்கே இன்றைக்கு மத்தியானம்தான் தெரியும்.

நீ பிறப்பதற்கு முந்தி, கிழக்கே வீட்டு முதலாளியின் மரச்சீனிக்கிழங்கு விளையில் இரண்டு குடிசைகள் இருந்தன. ஒன்று நம்முடையது, மற்றது தங்கையனின் அப்பனுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. முதலாளியின் கறுப்புக் காரைக் கழுவுவது என் வேலை. வேக்ஸும் கிடையாது சீலன்டும் கிடையாது, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்வார். வாசல் படிப்புரையைத் தாண்டுவதற்குள் புழுதி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். இருந்தும் அந்தக் காரைத் தொடுகிறவன் நான் என்று எனக்கு ஒரு பவுசு, ஒருநாள் டிரைவர் ஆக்குவார் என்று ஒரு நம்பிக்கை. அப்போதுதான் கேரளத்தில் குடிகிடப்புச் சட்டம் வந்தது. வேறு வீடில்லாமல் அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டு இருப்பவனுக்குக் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் சொந்தம். எங்கள் அப்பனும் மனுப் போட்டார், தங்கையனின் அப்பனும் போட்டார். விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் முதலாளி என்னைக் கார் ஷெட்டுக்குக் கூப்பிட்டார். "உங்க குடிலுக்கு நான் தடை சொல்ல மாட்டேன். மத்தவனுக்கு அந்தப்பக்கம் வீடு உண்டுல்லா? ஆபீசர் கேட்டா உள்ளதச் சொல்லு, அவ்வளவு மதி" என்றார்.

அந்தப்பக்கம் என்றால் எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில். தங்கையனின் அம்மைக்குப் பிறந்த வீடு அங்கே இருந்தது. நம் ஊரில் யாருக்குத்தான் அந்தப்பக்கம் ஒரு மாமன் வீடு இல்லை? பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைப் பார்த்தா நடக்கிறது? அந்த வீடு அவளுடைய ஆங்ஙளமார், அதாவது அண்ணன் தம்பிகள், பங்கு வைத்துக்கொண்ட வீடு. அவளுக்கு அதில் ஒரு ஓலைக்கீற்றுகூட இல்லை. எனக்கு அது தெரியும், அந்த வீட்டில் பல நாள் சாப்பிட்டிருக்கிறேன். மறுநாள் இன்ஸ்பெக்டர் தங்கையன் வீட்டாரைக் காட்டி என்னைத்தான் கேட்டார், "இவர்க்கு வேறெ வீடுண்டோ?" என்று. நான் "உண்டு சார், அந்தப்பக்கம்" என்றேன். அவ்வளவுதான். அவர் எழுதிக்கொண்டார். யாருடைய வீடு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முழுப் பொய் இல்லையே என்று அன்று முதல் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நமக்கு நிலப் பட்டயம் கிடைத்தது. அவர்கள் மனு தள்ளுபடி ஆயிற்று. ஓலையையும் கம்பையும் தலையில் தூக்கிக்கொண்டு சானல் கரைப் புறம்போக்குக்குப் போனார்கள். தங்கையன் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். அவனுக்கு ஷெட் போட இடமில்லை என்று நாலு பேர் முன்னால் கேலி செய்தாயே, அந்த இடத்தை இல்லாமல் ஆக்கியவன் உன் அப்பன். நீ பிறந்த வீடும், ஓடி விளையாடிய முற்றமும், கல்யாணப் பந்தல் போட்ட இடமும் அந்த ஒரு வார்த்தையில் கிடைத்தவை.

கல்ஃபிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் அவனுக்கு ஒரு டார்ச், ஒரு கைலி, ஒரு சென்ட் பாட்டில் கொடுப்பேன். அவனும் வாங்கிக்கொள்வான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். விசாரணை நடந்தபோது அவன் ரப்பர் வெட்டப் போயிருந்தான்.

இன்று ஆராதனை முடிந்ததும் நேராகச் சானல் கரைக்குப் போனேன். அவன் கால்சட்டையை மடக்கிவிட்டு வண்டியின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னதை நின்றபடியே சொன்னேன். அவன் கை நிற்கவே இல்லை. சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே, "அது எனக்கு அப்பமே தெரியும். தள்ளுபடி ஆன கடலாசுல உனக்க பேரு உண்டு. வக்கீலாபீசுல வாசிச்சுக் காட்டினாவ" என்றான். நம் பத்து சென்டில் கிழக்கு மூலையை அவனுக்கு எழுதித் தருகிறேன், ஷெட் போட்டுக்கொள் என்றேன். அப்போதுதான் எழுந்து நின்றான். அவனுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "எங்க அம்மை கெடந்து செத்தது இந்தப் பொறம்போக்குலயாக்கும். இப்பம் எனக்கு உனக்க மூலை வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், அத உனக்க கோயில்ல போயி கேளு. நான் கேட்டது ஒண்ணுதான். வண்டி சரியாகணும். உனக்க மகன் எழுதித் தந்தது, அவன் செய்யட்டு."

அதனால் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கடைக்கு வா. வண்டி வெளியே நிற்கும், அவனும் நிற்பான். நாள் முழுவதும் பக்கத்தில் நின்று பார்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான். முதலில் 'மாமா' என்று கூப்பிட்டு, நீ செய்தது என்ன என்று உன் வாயால் சொல். எனக்குச் சொல்ல வைக்க ஒரு ஃபோர்மேன் இருந்தார், உனக்கு நான் இருக்கிறேன். பிறகு சோப்பு போட்டுக் கழுவு. டர்பன்டைன் தொட்டு ஒவ்வொரு தகடாகத் துடை, துணியில் பிசுக்கு வராமல் ஆகும்வரை. வளையங்களுக்குக் காம்பவுண்ட் போடு. மூன்று குழியும் முழுசாகப் போகாது, போகும் என்று அவனிடம் பொய் சொல்லாதே. சீலன்டை மெல்லிசாகப் போடு, காய்ந்து வெளுத்த பிறகு பழைய பனியன் துணியால் எடு. இரவு முழுவதும் நம் ஷெட்டுக்குள் நிற்கட்டும். வேக்ஸ் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன், சாவி என் மடியில் இருக்கிறது. கார்டில் 'ஆறு மாதம்' என்று எழுது. ஆறு மாதம் கழித்து அடுத்த பூச்சை நான் போடுவேன், கண் மங்கினாலும் போடுவேன்.

நீ வராவிட்டால் என்ன செய்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று சொல்லாதே. அந்தத் தலச்சேரிக்காரர் இப்போது சொந்தக் கடை வைத்திருப்பதால்தான் உனக்கு இந்த விசா கிடைத்தது. 'என் மகன் வேலை தெரிந்தவன், கையை நம்பலாம்' என்று நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்துத்தான் அவர் உன்னைக் கூப்பிட்டார். வேலை தெரியும் என்பது உண்மை. நம்பலாம் என்பது பொய் என்று இன்னொரு கடிதம் எழுதுவேன். உன் அம்மா அழுவாள், உன் மாமனார் சண்டைக்கு வருவார். வரட்டும். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு, பாதியை மட்டும் சொல்லி, நான் பட்டது போதும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சானல் கரையிலிருந்து கிளம்பும்போது மனசு கேட்காமல் அவனிடம் கேட்டேன், "எல்லாம் தெரிஞ்சிட்டும் எதுக்கு எலே எனக்க கடையில வண்டியக் கொண்டு விட்டே? நெய்யாற்றின்கரையில எத்தன கடை உண்டு?" என்று. அவன் வாளித் தண்ணீரைச் சானலில் கொட்டிவிட்டுச் சொன்னான்: "மத்தவன் ஏமாத்துவான்னு பயமாக்கும். நீ ஒரு தடவ என்னைச் சதிச்சவன். அந்த வீட்டுல இருந்து இன்னொரு மட்டம் வராதுன்னு நெனச்சேன்."

செவ்வாய்க்கிழமை வா.

உன் அப்பா